லில் டாகோவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'டாக்டர் காலிகரியின் பேழை' என்ற ஜெர்மானிய மௌனப்படத்தைப் பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் அதன் கோணல் சுவர்களைப் பற்றியும் தூக்கத்தில் நடக்கும் கொலைகாரனைப் பற்றியும் பேசுவார்கள். வெள்ளை உடையில் வரும் அந்தப் பெண் யார் என்று கேட்பவர்களும் ஒவ்வொரு முறையும் சிலர் உண்டு. லில் டாகோவர் என்று பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு கேள்வி அடுத்த கேள்விக்கு இழுத்துச் செல்கிறது. அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த லில் டாகோவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1887 முதல் 1980 வரை வாழ்ந்த ஜெர்மானிய நடிகை. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் திரையில் பெயர் பெற்று, ஃபிரிட்ஸ் லாங், ரோபெர்ட் வீனே, முர்னாவ் ஆகிய மூன்று பெரிய இயக்குநர்களின் மௌனப்படங்களிலும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் மேடையிலும் நடித்தார். பேசும்படம் வந்த பிறகும் ஒதுங்கிவிடாமல் 1979 வரை நடித்துக்கொண்டிருந்தார். அவரோடு தொடங்கிய நடிகைகளில் இவ்வளவு நீண்ட திரைவாழ்வு வாய்த்தவர்கள் மிகச் சிலரே.

இவர் ஜெர்மானியரா, டச்சுக்காரரா? ஜாவாவில் பிறந்தவர் என்றும் படித்தேனே.

பிறந்தது ஜாவாவில்தான். இன்று இந்தோனேசியாவில் இருக்கும் மடியுன் என்ற ஊர், அன்று டச்சுக் கிழக்கிந்தியக் காலனியைச் சேர்ந்தது. தந்தை ஜெர்மானியர், டச்சு அரசின் வனத்துறையில் பணியாற்றியவர். ஆகவே மகளும் பிறப்பால் ஜெர்மானியரே. தாய் இறந்தபின் சிறு வயதிலேயே ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, பாடன்-பாடன், வைமார், ஜெனீவா ஆகிய ஊர்களில் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தார்.

ஒரு புத்தகத்தில் பிறந்த ஆண்டு 1887, இன்னொன்றில் 1897 என்று இருக்கிறது. எது சரி?

1887 தான் சரி. பத்து ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் அக்கால நடிகைகளிடம் பரவலாக இருந்தது. பட நிறுவனங்களும் அதை விரும்பின. 1897 என்பது கணக்குக்கு ஒத்துவராது. முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் திருமணமாகிவிட்டது. 1897இல் பிறந்திருந்தால் போர் தொடங்கியபோது அவருக்குப் பதினேழு வயதுகூட நிரம்பியிருக்காது. காலிகரி படத்தில் அந்த வெள்ளை உடைப் பெண் ஜேனாக நடித்தபோது அவருக்கு வயது 32.

டாகோவர் என்பது சொந்தப் பெயர் இல்லையாமே?

இல்லை. இயற்பெயர் மரி அன்டோனியா சீகெலிண்டே மார்த்தா சொய்பெர்ட். சில பழைய நூல்கள் குடும்பப் பெயரை லிலெட்ஸ் என்று தருவதால் குழப்பம் நேர்கிறது. முதல் கணவர் ஃபிரிட்ஸ் டாக்ஹோஃபர், தம்மைவிடப் பல ஆண்டுகள் மூத்த நாடக நடிகர். அந்தப் பெயரை ஓரிரு எழுத்து மாற்றி டாகோவர் என்று வைத்துக்கொண்டார். 1919இல் மணமுறிவு ஏற்பட்ட பின்னும் பெயரை விடவில்லை. அதற்குள் அது சுவரொட்டிகளில் ஏறிவிட்டிருந்தது. பின்னர் 1926இல் படத்தயாரிப்பாளர் கேயோர்க் விட்டை மணந்துகொண்டார்.

எல்லாரையும் போல நாடகத்திலிருந்துதானே சினிமாவுக்கு வந்தார்?

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நடந்தது தலைகீழ். அன்றைய பெர்லினில் பகலில் படப்பிடிப்பு, மாலையில் மேடை என்று ஓடிய நடிகர்களே அதிகம். காலிகரி படத்தில் அவரோடு நடித்த வெர்னர் கிராவுஸும் கொன்ராட் ஃபைட்டும் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் உருவானவர்கள். டாகோவருக்கோ முறையான நாடகப் பயிற்சி கிடையாது. கணவரின் தொழில் வட்டத்தின் வழியாக இயக்குநர்களின் அறிமுகம் கிடைத்து, நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்தவர் அவர்.

இதை அவருடைய குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையிலிருந்து வந்தவர்கள் கடைசி வரிசைக்கும் எட்டும்படி கையை வீசிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைத் திரையில் அடக்க அவர்கள் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. டாகோவரிடம் அடக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. அவருடைய தொடக்க காலப் படங்களிலேயே உடல் அசைவு குறைவாகவும், பார்வையும் தலைத்திருப்பமும் மெதுவாகவும் இருப்பதைக் காணலாம்.

காலிகரிதான் முதல் படமா?

இல்லை. அதற்கு முன்பே சில ஆண்டுகள் நடித்துவிட்டார். குறிப்பிடத்தக்கவை ஃபிரிட்ஸ் லாங் 1919இல் இயக்கிய இரண்டு படங்கள். 'சிலந்திகள்' தொடரின் முதல் பாகத்தில் இன்கா மக்களின் சூரியக் கோயிலில் பூசாரிணியாக இருக்கும் நாயெலா. 'ஹராகிரி' படத்தில் ஐரோப்பியக் கடற்படை அதிகாரியை நம்பி ஏமாறும் ஜப்பானியப் பெண் ஓ-டாக்கே-சான். பெருவும் ஜப்பானும் ஜெர்மனியிலேயே எழுப்பப்பட்டன, பாத்திரங்களும் ஐரோப்பியர்களே. இன்று பார்க்கும்போது அந்த ஒப்பனை உறுத்தத்தான் செய்யும். போரில் தோற்று வெளியுலகத் தொடர்பு அறுந்திருந்த நாட்டில் தொலைதூர தேசக் கதைகளுக்கு நல்ல வசூல் இருந்தது என்பதை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காலிகரி படத்தில் அவர் செய்வது என்ன? பயந்து அலறுவதைத் தவிர வேறு எதுவும் இல்லையே?

முதல் பார்வையில் அப்படித் தோன்றுவது இயல்பு. படம் பெர்லினின் வைசென்சே பகுதியில் இருந்த ஒரு சிறிய படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்டு, 1920 பிப்ரவரி 26 அன்று மார்மோர்ஹவுஸ் திரையரங்கில் வெளியானது. ஹெர்மன் வார்ம், வால்ட்டர் ரைமன், வால்ட்டர் ரோரிக் ஆகிய மூவரும் துணித்திரைகளில் நிழலையும் வெளிச்சத்தையுமே வண்ணமாகத் தீட்டிவிட்டார்கள். கூரிய முனைகளும் சாய்ந்த கதவுகளும் நிறைந்த அந்த உலகத்தில் ஜேன் ஒருத்திக்குத்தான் வளைவான கோடுகளும் மென்மையான வெண்துணிகளும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு காட்சிகளைக் கவனித்துப் பார்க்கலாம். தந்தையைத் தேடி ஜேன் சந்தைத் திடலுக்கு வருகிறாள். காலிகரி கூடாரத்துக்குள் அழைத்துப் பேழையைத் திறக்கிறான். உள்ளே நிற்கும் சேசாரே, தூக்கத்தில் நடக்கும் அந்தக் கொலைகாரன், கண் விழிக்கிறான். அவள் உடனே அலறவில்லை. ஆர்வம், தயக்கம், புரியாமை என்று முகம் படிப்படியாக மாறிய பின்னரே அச்சம் வந்து, திரும்பி ஓடுகிறாள். இன்னொன்று, சேசாரே அவளைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டு கூரைகளின் மேல் செல்லும் காட்சி. படுக்கை விரிப்பும் அவளோடு சேர்ந்து இழுபட்டு வர, முழு உடலையும் துவளவிட்டு ஒரு பொருளைப் போல அவர் கிடக்கிறார். நூறு ஆண்டுகளாகத் திகில் படங்களில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு வருகிறது.

அந்தக் காலப் படங்களில் எல்லார் கண்ணைச் சுற்றியும் இவ்வளவு மை எதற்கு? உதடு ஏன் கறுப்பாக இருக்கிறது?

காரணம் பாதி படச்சுருளில் இருக்கிறது. அன்று பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள் சிவப்பு நிறத்தை உணராது. சிவப்புச் சாயம் பூசிய உதடு திரையில் கறுப்பாகத் தெரியும், கன்னத்தின் இயல்பான சிவப்பு அழுக்குப் படிந்தது போலத் தோன்றும். நீல நிறத்தையோ அது மிகையாக உணரும் என்பதால் நீலக் கண்கள் வெளிறி வெறுமையாகிவிடும். ஆகவே முகத்தை வெளிறிய பூச்சால் மூடி, கண்ணைச் சுற்றி அழுத்தமாக எல்லை கட்டினார்கள்.

மீதிப் பாதி பாணி. காலிகரி படத்தில் முகமும் ஓவியத்தின் பகுதி என்று கருதப்பட்டதால் ஒப்பனை வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வந்த 'தார்த்தூஃப்' படத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

முடிவில் ஜேனும் மனநோயாளி என்று காட்டுகிறார்களே, அப்படியானால் நடந்ததெல்லாம் பொய்யா?

படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்வது நல்லது. கதையைச் சொல்லும் ஃபிரான்சிஸ் ஒரு மனநல விடுதியில் இருப்பவன் என்பதும், சேசாரேயும் ஜேனும் அதே விடுதியில் வசிப்பவர்கள் என்பதும் கடைசியில் தெரிகிறது. ஜேன் தன்னை அரசியென நம்பி அமர்ந்திருக்கிறாள். மணம் பேசும் ஃபிரான்சிஸிடம், அரசியர் தம் மனம் போல் நடக்க முடியாது என்ற பொருளில் விடை தருகிறாள்.

நடந்தவை முழுக்கப் பொய்தானா என்பதில் இன்றுவரை இரு கட்சிகள் உண்டு. கதையைச் சுற்றி அமைந்த, விடுதியில் நடக்கும் வெளிச்சட்டகக் காட்சிகளிலும் கோணல் ஓவியம் முற்றிலும் மறைவதில்லை என்பதால் படம் எதையும் உறுதி செய்யவில்லை என்பது என் எண்ணம். நடிப்பைப் பொறுத்தவரை இந்தச் சட்டகம் டாகோவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு. உள்கதையில் எல்லாரையும் சார்ந்து நிற்கும் பெண், வெளிக்கதையில் யாரையும் ஏறெடுத்துப் பாராத அரசி. ஒரே முகம், ஏறத்தாழ ஒரே உடை. கழுத்தின் நிமிர்வையும் பார்வையின் தூரத்தையும் மட்டும் மாற்றி இரண்டையும் வேறுபடுத்திவிடுகிறார்.

லாங்கின் 'களைத்த மரணம்' பார்த்தேன். இது நம் சாவித்திரி கதைதானே?

தொடக்கம் ஒத்திருப்பது உண்மை. காதலனைக் கொண்டுபோன மரணத்தைப் பின்தொடர்ந்து சென்று உயிரைத் திருப்பிக் கேட்கும் பெண் என்றால் நமக்குச் சாவித்திரியே நினைவுக்கு வருவாள். போகும் வழி வேறு. எமனைச் சொல்லால் வென்றவள் சாவித்திரி. 1921 அக்டோபரில் வெளியான இந்தப் படத்தின் நாயகிக்கு வெற்றியே இல்லை. அணையவிருக்கும் மூன்று சுடர்களை மரணம் அவளுக்குக் காட்டி, ஒன்றையேனும் காத்தால் காதலனைத் தருவதாகச் சொல்கிறது. பாக்தாத், வெனிஸ், சீனம் என்ற மூன்று கதைகளிலும் அவளே நாயகி, மூன்றிலும் காதலன் இறக்கிறான். கடைசியாக, வேறோர் உயிரை ஈடாகக் கொண்டுவர ஒரு மணிநேரம் கிடைக்கிறது. தீப்பற்றிய கட்டடத்தில் சிக்கிய குழந்தை அவள் கைக்கு வருகிறது; அதைக் கொடுத்திருந்தால் காதலன் பிழைத்திருப்பான். அவள் குழந்தையைத் தாயிடம் சேர்த்துவிட்டுத் தானே மரணத்துடன் செல்கிறாள்.

டாகோவரின் மௌனப்பட நடிப்பில் உச்சம் எது என்று கேட்டால் நான் சொல்வது இந்தப் படத்தைத்தான். நான்கு பாத்திரங்கள், நான்கு நாடுகளின் உடை. சீனக் கதையில் தப்பிக்க வழியின்றி நாயகி தன்னையே சிலையாக மாற்றிக்கொள்கிறாள். காதலன் கொல்லப்படும்போது அந்தச் சிலையின் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. வேடிக்கையாகத் தொடங்கிய கதை அந்த இடத்தில் சட்டென்று கனத்துவிடுகிறது. அமெரிக்க நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் இந்தப் படத்தின் அமெரிக்க உரிமையை வாங்கி, அங்கே வெளியிடாமல் நிறுத்தி வைத்து, இதன் தந்திரக் காட்சிகளைத் தம் படத்துக்கு முன்மாதிரியாகக் கொண்ட செய்தியும் உண்டு. படத்தின் மதிப்பை அதிலிருந்தே ஊகிக்கலாம். 2016இல் வண்ணச்சாயத்தோடு மீட்டமைக்கப்பட்ட பிரதியில் பார்ப்பது நல்லது.

1921இல் வந்த 'இந்தியக் கல்லறை' படத்தில் நடித்தவரும் இவர்தானா?

இல்லை. ஜோ மே இயக்கிய அந்தப் படத்தின் நாயகி மியா மே. கதையை எழுதியவர்களில் லாங் ஒருவர் என்பதாலும், மகாராஜாவாக வருபவர் காலிகரியின் கொன்ராட் ஃபைட் என்பதாலும் இந்தக் குழப்பம்.

முர்னாவ் படங்களில் இவருக்கு என்ன வேலை?

இரண்டு படங்கள் முக்கியம். கெர்ஹார்ட் ஹாவுப்ட்மனின் நாவலைத் தழுவிய 'மாயத்தோற்றம்' 1922 நவம்பரில், அந்த எழுத்தாளரின் 60ஆம் பிறந்தநாளையொட்டி வெளியானது. அதில் நூற்கட்டுநர் ஒருவரின் மகள் மரி; நாயகன் வேறொருத்தியின் மாயையில் சீரழியும்போது பொறுத்துக் காத்திருக்கும் பெண். பாத்திரம் சிறிது, செய்வதற்கும் அதிகம் இல்லை.

1926 ஜனவரியில் வெளியான 'தார்த்தூஃப்' அப்படியல்ல. மோலியேரின் நாடகத்தைப் பெரிதும் சுருக்கி எடுத்த படம். போலிச் சாமியாராக எமில் யான்னிங்ஸ், அவனை நம்பி மதியிழக்கும் கணவனாக வெர்னர் கிராவுஸ், சாமியாரின் வேடத்தைக் கலைக்க முயலும் மனைவி எல்மீராக டாகோவர். கணவனைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துச் சாமியாருக்குத் தேநீர் விருந்து அளிக்கிறாள் எல்மீர். மயங்கி நெருங்குபவன், பளபளக்கும் தேநீர்க் கெண்டியில் ஒளிந்திருப்பவனின் முகம் தெரிவதைக் கண்டு நொடியில் பக்திமானாகிவிடுகிறான். மயக்குவது போல் நடிக்கும் பெண்ணின் அருவருப்பு நமக்குத் தெரிய வேண்டும், அவனுக்குத் தெரியக் கூடாது. யான்னிங்ஸ் முழு உடலாலும் நடிக்க, டாகோவர் இமையாலும் விசிறியாலும் இதைச் செய்து முடிக்கிறார்.

அப்படியானால் மேடைக்கு எப்போது போனார்?

1920களின் நடுவில், திரையில் பெரும் பெயர் பெற்ற பிறகு. 1925இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் அவரைச் சால்ஸ்பர்க் விழாவில் மேடையேற்றினார்; பெர்லினில் ரைன்ஹார்ட் நடத்திய டாய்ச்செஸ் தியேட்டரிலும் அவர் நடித்தார். ரைன்ஹார்ட்டின் அரங்கில் இடம் கிடைப்பது அன்றைய ஜெர்மன் நடிகர்களுக்குப் பட்டம் பெறுவதற்கு நிகர். மற்றவர்கள் அங்கே தொடங்கி ஸ்டூடியோவுக்கு வந்தார்கள் என்றும், இவர் நேர்மாறாகச் சென்றார் என்றும் முன்பே சொன்னேன். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த, பயிற்சியற்ற ஒரு திரை நட்சத்திரம் அந்த மேடையில் ஏறுவது சின்ன துணிச்சல் அல்ல. அங்கே குரலைப் பழக்கிக்கொண்டது சில ஆண்டுகளில் அவருக்குக் கைகொடுத்தது.

சுவீடன், பிரான்ஸ் படங்களிலும் நடித்தாராமே, மொழி தெரியுமா?

மௌனப்படத்துக்கு அது தேவைப்படவில்லை. வசனம் எழுத்துப் பலகையாக இடையில் வரும். பலகையை மட்டும் மாற்றினால் படம் எந்த நாட்டிலும் ஓடும். 1920களின் பிற்பாதியில் சுவீடனில் குஸ்தாஃப் மோலாண்டரின் படத்திலும், பிரான்சில் ஜூலியன் துவிவியேயின் படத்திலும் நடித்தார். 1929இல் ஆன்றி ஃபெஸ்கூர் எடுத்த 'மான்ட்டி கிறிஸ்டோ' படத்தில் மெர்சிடிஸ் இவர்தான். அந்த மௌனப்படச் சந்தை அப்படியே ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக இருந்தது. பேச்சு வந்ததும் சிதறிப்போனது.

பேசும்படம் வந்ததும் மற்றவர்களைப் போல இவரும் காணாமல் போனாரா? ஹாலிவுட் போனார் என்கிறார்களே?

காணாமல் போகவில்லை. 1931இல் ஜெர்மானியப் பட நிறுவனமான ஊஃபாவின் பெருவெற்றிப் படமான 'மாநாடு நடனமாடுகிறது' இசைப்படத்தில் கோமாட்டியாக வந்தார். அதே ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தாகவும் நடித்தார். ஹாலிவுட் சென்றதும் அப்போதுதான். கார்போ, டீட்ரிக் ஆகியோரைக் கொண்டு பிற நிறுவனங்கள் ஈட்டியதைக் கண்டு, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கொரு ஐரோப்பிய அழகியைத் தேடிய காலம். மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில், வால்ட்டர் ஹியூஸ்டனுடன் அவர் நடித்த 'மான்ட்டி கார்லோவிலிருந்து வந்த பெண்' வெற்றி பெறவில்லை. அந்த ஒரு படத்தோடு நாடு திரும்பிவிட்டார்.

ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியிலேயே இருந்தாரே, நாஜி ஆதரவாளரா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் நடித்தவற்றில் பெரும்பாலானவை குடும்ப, சமூக நாடகங்கள். அவற்றுள் சிறந்தது டெட்லெஃப் சியெர்க் 1936இல் இயக்கிய 'இறுதிச் சுருதி'. அந்த இயக்குநரே பின்னாளில் ஹாலிவுட்டில் டக்ளஸ் சர்க் ஆனார். ஆனால் 1940இல் வந்த 'பிஸ்மார்க்', 1943இல் வந்த 'வியன்னா 1910' ஆகியவை ஐயத்துக்கிடமில்லாத பிரசாரப் படங்கள். இரண்டிலும் அவர் இருக்கிறார். 1937இல் அரசு நடிகை என்ற பட்டத்தைப் பெற்றார். போரின்போது படைவீரர்களுக்காக மேடையேறியதற்கு 1944இல் போர்ச்சேவைச் சிலுவை விருதையும் பெற்றார்.

காலிகரி படத்தில் பங்கு பெற்றவர்கள் சென்ற வழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடைய தேர்வு தெளிவாகும். கொன்ராட் ஃபைட் யூத மனைவியோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஃபிரான்சிஸாக நடித்த ஃபிரீட்ரிக் ஃபேகரும், இயக்குநர் வீனேயும், தயாரிப்பாளர் எரிக் பொம்மரும் வெளியேறினார்கள். ரைன்ஹார்ட் 1943இல் நியூயார்க்கில் இறந்தார். வெர்னர் கிராவுஸோ நாட்டிலேயே தங்கி, 'யூதன் சூஸ்' என்ற கொடிய வெறுப்புப் படத்தில் பல வேடங்களை ஏற்றார். டாகோவர் கிராவுஸ் போனவளவு போகவில்லை, எதிர்க்கவும் இல்லை. அந்த அரசு தந்த வசதியையும் மதிப்பையும் ஏற்றுக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தவர். அவருடைய தொழில்வாழ்வை எழுதுபவர்கள் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரே பத்தியில் கடந்துவிடுவது சரியன்று.

போருக்குப் பிறகு?

மூத்த சீமாட்டி வேடங்கள் அவரைத் தேடி வந்தன. தாமஸ் மன்னின் நாவலைத் தழுவிய 'மேன்மைதங்கிய இளவரசர்' படத்துக்காக 1954இல் சிறந்த துணைநடிகைக்கான ஜெர்மன் திரைப்பட விருது கிடைத்தது. 1959இல் 'புட்டன்புரோக்ஸ்' குடும்பத்தின் தலைவி. 1961இல் எட்கர் வாலஸ் துப்பறியும் படமான 'விசித்திரக் கோமாட்டி'. மேற்கு ஜெர்மனி அரசின் உயர் விருதும், திரைத்துறைக்கான வாழ்நாள் பரிசும் 1960களில் வந்தன.

1970களில் புதிய இயக்குநர்கள் பழைய முகங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மாக்சிமிலியன் ஷெல் 1973இல் எடுத்த 'பாதசாரி' படத்தில் எலிசபெத் பெர்க்னர், கேத்தே ஹாக் போன்ற முதிய நடிகைகளோடு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு சீபெர்பெர்க்கின் 'கார்ல் மே' படத்தில் சமாதானப் போராளி பெர்த்தா ஃபொன் சுட்னர். 1979இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1980 ஜனவரியில் காலமானார்.

உண்மையைச் சொல்லுங்கள், இவர் நல்ல நடிகையா, அல்லது நல்ல படங்களில் வாய்ப்புக் கிடைத்த அழகியா?

எல்லை குறுகிய, ஆனால் அந்த எல்லைக்குள் மிகத் தேர்ந்த நடிகை என்பதே என் மதிப்பீடு. அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே தம்மை 'சீமாட்டி' என்று குறிப்பிடுகிறது; அந்த வார்ப்புக்கு வெளியே அவர் அதிகம் சென்றதில்லை. அதே காலத்தில் டென்மார்க் நடிகை அஸ்டா நீல்சன் பசியையும் இழிவையும் உடலில் ஏற்றி நடித்தார். அவ்வாறான பாத்திரம் டாகோவருக்குத் தரப்படவும் இல்லை, அவர் தேடியதாகவும் தெரியவில்லை.

ஆயினும் அழகு மட்டுமே மூலதனமாக இருந்திருந்தால் நாற்பது வயதோடு தொழில் முடிந்திருக்கும். மேலே சொன்ன தேநீர்க் காட்சியையும் சிலைக் காட்சியையும் ஒலியை அணைத்துவிட்டு, பின்னணி இசையும் இல்லாமல் ஒருமுறை பாருங்கள். எப்போது அசைய வேண்டும், எதுவரை அசையாமல் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த கணக்கு அப்போது தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் காலிகரியைவிட 'களைத்த மரண'த்தில் தொடங்குவதே நல்லது. காலிகரியில் சுவர்கள் நடிகர்களை விழுங்கிவிடுகின்றன.